சின்ன மோட்டார் படகு வாங்குவதும் வைத்துக்கொள்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாகப் பதினாறு அடிப் படகு ஒன்றை வைத்திருக்கிறேன். அது டிரெய்லரில் நிற்பதைப் பார்த்துப் பேச வருகிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் சொல்வது 'ரன்அபவுட்' வகைப் படகைப் பற்றி: நாலு முதல் ஆறு மீட்டர் நீளம், திறந்த மேல்பக்கம், கார் மாதிரி ஸ்டியரிங், பின்பக்கம் வெளியே தொங்கும் அவுட்போர்டு மோட்டார். இந்தப் படகுகள் ஓடிக் கெட்டதைவிட நின்று கெட்டதே அதிகம். கீழே உள்ள பதில்களில் பலவும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து சேரும்.

முதல் படகு எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

நீங்களும் இன்னொருவரும் சேர்ந்து அரை மணி நேரத்துக்குள் தண்ணீரில் இறக்க முடிகிற அளவு. என் அனுபவத்தில் அது பதினான்கு முதல் பதினேழு அடி. ஆறு பேர் உட்கார வேண்டும் என்று பெரிதாக வாங்குகிறவர்கள், அந்த ஆறு பேரோடு வருடத்துக்கு இரண்டு முறை போவார்கள். மற்ற நாட்களில் இழுத்து வர ஆள் சேராமல் படகு தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். சின்னதாக இருந்தால், சாயங்காலம் இரண்டு மணி நேரம் கிடைத்தாலே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

ஆனால் படகு சின்னதாக ஆக, போகக்கூடிய தண்ணீரும் சுருங்கும். ஐரோப்பாவில் விற்கும் படகுகளில் இதை எழுத்தாலேயே குறித்திருப்பார்கள். 'டி' என்றால் காற்று ஃபோர்ஸ் 4 வரை (ஃபோர்ஸ் என்பது காற்றின் வலுவைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவுகோலின் எண்), அலை அதிகபட்சம் அரை மீட்டர். ஏரிக்கும் அமைதியான ஆற்றுக்கும் சரி. 'சி' என்றால் ஃபோர்ஸ் 6 வரை, அலை 2 மீட்டர் வரை. அந்த எல்லை படகுக்குத்தான். முதல் வருடம் ஓட்டுகிறவரின் எல்லை அதில் பாதிகூட இருக்காது.

ஃபைபரா, அலுமினியமா, பிளாஸ்டிக்கா?

அலையில் இதமாகப் போவது ஃபைபர். அடிபட்டாலும் பழுது பார்ப்பது எளிது. அதன் பலவீனம் உள்ளே இருக்கிறது: பழைய ஃபைபர் படகுகளில் தரைக்கு உள்ளேயும், பின்பலகை என்கிற மோட்டார் மாட்டும் பின்சுவருக்கு உள்ளேயும் பிளைவுட் வைத்திருப்பார்கள், அதில் ஈரம் இறங்கினால் மக்கும். அலுமினியம் எடை குறைவு, சின்ன மோட்டாரே போதும், பாறையில் உரசினாலும் நசுங்குமே தவிரச் சட்டென்று உடையாது. சத்தமும் குலுக்கலும் அதிகம். ரிவெட் அடித்ததாக இருந்தால் வருடங்கள் போகப் போக ரிவெட் வழியே கசியும். உப்புத் தண்ணீரில் செம்போ, செம்பு கலந்த பெயின்டோ அதன்மேல் படக்கூடாது, அரித்துவிடும். பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் படகு முரட்டுக் கரைக்கு நல்லது, ஆனால் எடை கூடுதல்; விரிசல் விட்டால் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது.

கற்றுக்கொள்ளும் காலத்துக்கு அலுமினியம் என்றே சொல்வேன். கரையில் இடிக்காமல் யாரும் கற்றுக்கொள்வதில்லை.

எத்தனை குதிரைசக்தி வேண்டும்?

படகின் உட்புறத்தில் தயாரிப்பாளர் ஒட்டிய தகடு இருக்கும். அதிகபட்சக் குதிரைசக்தி, எத்தனை பேர், எவ்வளவு எடை என்று அதிலேயே எழுதியிருக்கும். அந்த எண்ணைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பல இடங்களில் காப்பீடு கிடைக்காது, பின்பலகையும் தாங்காது. அதே நேரம் ரொம்பக் குறைத்தும் வாங்காதீர்கள். இந்த வகைப் படகு தண்ணீரைக் கிழித்துப் போகும் நிலையிலிருந்து தண்ணீரின்மேல் ஏறிச் சறுக்கும் நிலைக்கு வர வேண்டும். ஆட்களை ஏற்றியதும் அந்தச் சறுக்கும் நிலைக்கு ஏற முடியாமல் மோட்டார் திணறினால், பெட்ரோலும் போகும், முன்பக்கம் தூக்கியபடி எதிரே எதுவும் தெரியாது. தகட்டில் உள்ள உச்சத்தில் முக்கால் பங்கு என்பது என் கணக்கு.

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

புதிதாக வாங்கினால் ஃபோர் ஸ்ட்ரோக், யோசிக்கவே வேண்டாம். யமஹா, சுசுகி, ஹோண்டா, மெர்க்குரி, டொஹாட்சு எல்லாருமே அதைத்தான் முதன்மையாக விற்கிறார்கள். சத்தமும் புகையும் குறைவு, பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலை இல்லை.

பழைய டூ ஸ்ட்ரோக்கை ஒதுக்கத் தேவையில்லை. எடை குறைவு, பிரித்துப் பார்க்க எளிது. எவின்ரூட் பெயரில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1909-ல் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார்தான் அவுட்போர்டு என்பதைப் பரவலாக்கியது. ஏரியில் துடுப்புப் போட்டு ஐஸ்கிரீம் வாங்கி வருவதற்குள் உருகிவிட்டதால் அவருக்கு அந்த யோசனை வந்தது என்று கதை சொல்வார்கள். 2020-ல் அந்த மோட்டார்களின் தயாரிப்பே நின்றுவிட்டது. ஓடும் நிலையில் இன்னும் நிறைய இருக்கின்றன. உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

பழைய படகில் டூ ஸ்ட்ரோக்கைக் கழற்றிவிட்டு அதே சக்தியில் ஃபோர் ஸ்ட்ரோக் மாட்டுகிறவர்கள் எடையைப் பார்க்க வேண்டும். கூடுதல் எடையில் பின்பக்கம் தாழ்ந்தால், தண்ணீர் வெளியேற வைத்த துவாரங்களே தண்ணீர் உள்ளே வரும் வழியாகிவிடும்.

பழைய படகு பார்க்கப் போகும்போது எதைப் பார்ப்பது?

முதலில் பின்பலகை. மோட்டாரின் எடையையும் தள்ளுவிசையையும் மொத்தமாகத் தாங்குவது அதுதான்.

நான் முதலில் வாங்கிய படகு வெளியே பளபளவென்று இருந்தது. வாங்கிய மூன்றாவது வாரம், பின்பலகையில் யாரோ எப்போதோ போட்டிருந்த சின்ன ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றினேன். அந்தத் துளையிலிருந்து டீ நிறத்தில் தண்ணீர் கோடாக வழிந்தது. ஸ்க்ரூவின் மரையில் ஈரமான மரத்தூள் ஒட்டியிருந்தது. மக்கிய இலையின் வாசனை. சுண்டுவிரலை வைத்து அழுத்தினால் துளையின் ஓரம் உள்ளே போனது. ஒற்றை ஸ்க்ரூவுக்குச் சீலன்ட் தடவாமல் விட்டதால் வந்தது அது. பின்பலகை முழுவதையும் அறுத்து எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

அதனால் இப்போது எந்தப் படகைப் பார்த்தாலும் இதைச் செய்கிறேன். மோட்டாரைப் பாதி தூக்கி நிறுத்தி, கீழே துருத்தும் துடுப்பு மாதிரியான பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைப்பேன். மோட்டார் மட்டும் அசையலாம்; பின்பலகை வளையக்கூடாது. அப்புறம் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் பலகை முழுக்கத் தட்டிப் பார்ப்பேன். 'டக் டக்' என்று கேட்டால் நல்லது, ஓர் இடத்தில் 'தொப்' என்று அடங்கினால் உள்ளே ஈரம். தரையில் குதிகாலை ஊன்றி நடந்தால் மெத்தென்று அமுங்கும் இடமும் அதே கதைதான்.

அடுத்தது மோட்டார். நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக மோட்டார் மூடியில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப அடம்பிடிக்கும் மோட்டார் என்று சந்தேகப்படலாம். ஸ்டார்ட் ஆனதும் பக்கவாட்டுத் துவாரத்தில் தண்ணீர் நிலையாகப் பீய்ச்ச வேண்டும்; அது குளிர்விக்கும் பம்ப் வேலை செய்வதற்கான அடையாளம். மூடியைக் கழற்றிப் பாருங்கள். சிலிண்டர் பக்கம் பெயின்ட் கொப்புளித்திருந்தால் எப்போதோ அதிகமாகச் சூடாகியிருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்: எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லாதிருப்பது முக்கியம். கடைசியாக, கியர் பெட்டியின் கீழ் ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்தி ஒரு சொட்டு ஆயிலை விரலில் எடுங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது என்று பொருள்.

மோட்டாரின் சீரியல் எண் பொருத்தும் பிராக்கெட்டில் இருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தாலோ, காகிதத்தில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். தண்ணீரில் ஓட்டிக் காட்ட மறுத்தாலும் அப்படியே.

மோட்டாரில் 'லாங் ஷாஃப்ட்', 'ஷார்ட் ஷாஃப்ட்' என்கிறார்களே?

பின்பலகையின் உயரத்துக்கு ஏற்றபடி மோட்டாரின் கால் நீளம். பொதுவாக 15, 20, 25 அங்குலம். பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து படகின் அடிவரை நடுவில் அளந்து, அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள். புரொப்பல்லருக்கு மேலே படுக்கையாக உள்ள தட்டு, படகின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். குட்டையானால் திருப்பத்தில் புரொப்பல்லர் காற்றை இழுத்து மோட்டார் அலறும்.

புரொப்பல்லரில் 13 × 17 என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால்?

முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். பிட்ச் 17 என்றால், வழுக்கல் எதுவும் இல்லாமல் இருந்தால் ஒரு சுற்றில் 17 அங்குலம் முன்னேறும். சரியான புரொப்பல்லரா என்று பார்க்க வழக்கமான ஆட்களை ஏற்றி முழு வேகம் கொடுங்கள். கையேட்டில் சொன்ன சுற்று வரம்புக்குள் (பல மோட்டார்களில் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று) சுற்றுமானி காட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் பிட்ச் குறைந்ததை மாட்டுங்கள். ஓர் அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 200 சுற்று கூடும். வரம்பை எட்டாமல் திணறியபடியே ஓடும் மோட்டார், கீழ் கியரில் ஏற வேண்டிய மேட்டை மேல் கியரில் ஏறும் லாரி மாதிரி, சீக்கிரம் தேயும்.

ஒவ்வொரு முறை போய்வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

எல்லாரும் களைத்துப் போயிருக்கும் நேரம் அது. இருந்தாலும் படகின் ஆயுளில் பாதி அந்த இருபது நிமிடத்தில்தான் இருக்கிறது.

உப்புத் தண்ணீரில் ஓடிய மோட்டாருக்கு உள்ளே, குளிர்விக்கும் வழிகளில் உப்புத் தண்ணீர் தங்கியிருக்கும். மோட்டாரின் சூட்டில் அது வற்றி உப்பாகப் படியும். முதலில் தெர்மோஸ்டாட் மாட்டிக்கொள்ளும், பிறகு வழியே அடைபடும், ஒரு நாள் நடுத்தண்ணீரில் சூட்டு அலாரம் அடிக்கும். அதனால் நல்ல தண்ணீரால் அலசியே ஆக வேண்டும். தண்ணீர் உறிஞ்சும் துவாரங்களின் மேல் ரப்பர் 'மஃப்' மாட்டி, குழாயைத் திறந்து, அதற்குப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். குளிர்விக்கும் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் மசகு. உலர்ந்து சுற்றினால் சில விநாடிகளிலேயே தேய ஆரம்பித்துவிடும். நியூட்ரலில் பத்து நிமிடம் ஓடட்டும். அந்த நேரத்தில் புரொப்பல்லர் பக்கம் யாரையும் விடாதீர்கள். சில மோட்டார்களில் குழாயை நேராக மாட்டித் தண்ணீர் விட வழி இருக்கும். அப்படிச் செய்யும்போது மோட்டாரை ஓட விடலாமா கூடாதா என்று கையேட்டைப் பாருங்கள்.

அலசியதும் மோட்டாரைச் செங்குத்தாக இறக்கிவிட்டால் மிச்சத் தண்ணீர் தானே வடியும். படகின் வடிகால் பிளக்கைக் கழற்றி, முன்பக்கத்தைத் தூக்கி வையுங்கள். பேட்டரி சுவிட்சை அணையுங்கள். புரொப்பல்லருக்குப் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்கே தெரியாத அந்த நரம்பு, கியர் பெட்டிக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் ரப்பர் சீலை அறுத்து, நான் முன்னே சொன்ன பால் நிற ஆயிலுக்குக் காரணமாகும்.

வருடாந்தர சர்வீஸில் என்னென்ன?

100 மணி நேரம் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. கியர் ஆயில், ஸ்பார்க் பிளக், எரிபொருள் ஃபில்டர். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும். இம்பெல்லரை ஒரு வருடம் விட்டு ஒரு வருடமாவது மாற்றிவிடுங்கள். கியர் ஆயிலைக் கீழ்த் துளை வழியே பம்ப் செய்து, மேல் துளையில் எட்டிப் பார்க்கும்வரை ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று நிற்கும். இரண்டு ஸ்க்ரூவுக்கும் புது வாஷர்.

மோட்டாரில் ஆங்காங்கே ஆனோடு என்று சின்ன உலோகக் கட்டிகள் இருக்கும். மோட்டாருக்குப் பதில் தான் அரிக்கப்படுவதுதான் அவற்றின் வேலை. உப்புத் தண்ணீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம், நல்ல தண்ணீருக்கு மக்னீசியம். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டால் வேலையே செய்யாது.

பெட்ரோல் விஷயத்தில் கவனம் எதில்?

பழைய பெட்ரோலில். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். நாள்பட்டால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், மோட்டார் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால், பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்பரேட்டர்வரை போய்ச் சேரச் சில நிமிடம் ஓட்டி வையுங்கள். எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் போனால் பெரும்பாலான அவுட்போர்டுகளுக்கு ஆகாது. தண்ணீரைப் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்றைப் பொருத்திவிட்டால் பாதிக் கவலை தீரும்.

டூ ஸ்ட்ரோக்குக்கு 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில். TC-W3 என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் ஆயில் வேண்டாம். தூக்கிச் செல்லும் டேங்காக இருந்தால் படகிலிருந்து வெளியே எடுத்துத் தரையில் வைத்தே நிரப்புங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் போய்த் தேங்கும்.

எவ்வளவு குடிக்கும்?

முழு வேகத்தில் குதிரைசக்திக்கு மணிக்கு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 40 குதிரைசக்தி மோட்டார் மணிக்கு 13 முதல் 15 லிட்டர். நிதான வேகத்தில் அது ஏறக்குறைய பாதியாகும். டேங்கை மூன்று பங்காகப் பிரியுங்கள்: போக ஒன்று, வர ஒன்று, கையிருப்பு ஒன்று. எதிர்க்காற்றில் திரும்பி வந்தவர்களுக்கு அந்த மூன்றாவது பங்கின் அருமை தெரியும்.

டிரெய்லரில் என்ன கெடும்?

பேரிங். நெடுந்தூரம் இழுத்து வந்து சூடாக இருக்கும் சக்கரக் குடத்தைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால், உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வந்ததும் இறக்காமல் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். பொருட்களை ஏற்றவும் பிளக்கைச் சரிபார்க்கவும் அந்த நேரம் சரியாக இருக்கும். டயர்கள் தேய்வதற்கு முன்பே வயதாகி வெடிப்பு விடும், பக்கச் சுவரைப் பாருங்கள்.

கில் கார்டைக் கட்டாயம் மாட்டிக்கொள்ள வேண்டுமா?

ஆமாம். ஒவ்வொரு முறையும்.

ஓட்டுகிறவரின் உடம்போடு மாட்டும் சுருள் கயிறு அது. ஆள் இடம் மாறி விழுந்தால் மோட்டார் நின்றுவிடும். 2013 மே மாதம் இங்கிலாந்தின் பேட்ஸ்டோ அருகே எட்டு மீட்டர் படகு ஒன்று வேகத் திருப்பத்தில் குடும்பத்தினர் ஆறு பேரையும் தண்ணீரில் தள்ளியது. கில் கார்டு மாட்டப்பட்டிருக்கவில்லை. ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பத் திரும்ப அவர்கள் மேலேயே வந்தது. இருவர் இறந்தார்கள், இன்னும் இருவர் பலத்த காயமடைந்தார்கள். ஓட்டுகிறவர் இல்லாத அவுட்போர்டு படகு நேராகப் போய்விடாது. புரொப்பல்லரின் முறுக்கு ஸ்டியரிங்கைத் திருப்பிவிட, விழுந்தவரைச் சுற்றியே வரும். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல், கில் கார்டு சுவிட்ச் உள்ள 26 அடிக்குக் குறைந்த படகுகளில் வேகமாகப் போகும்போது அதை மாட்டியிருப்பது சட்டம்.

தொடையிலோ லைஃப் ஜாக்கெட்டின் வளையத்திலோ மாட்டுங்கள். இரண்டாவது கார்டு ஒன்று படகில் இருக்கட்டும். முதலாவதோடு ஓட்டுகிறவர் விழுந்துவிட்டால், மற்றவர்கள் மோட்டாரை மறுபடி எடுக்க அது வேண்டும்.

தண்ணீர் புகுந்தால் படகு மூழ்கிவிடுமா?

நல்ல சின்னப் படகு மூழ்கக்கூடாது. 1961-ல் பாஸ்டன் வேலர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் படகை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, அப்போதும் மிதப்பதைக் காட்டும் படங்கள் லைஃப் பத்திரிகையில் வந்தன. உள்ளே முழுக்க நுரை நிரப்பியிருந்ததுதான் காரணம். உங்கள் படகிலும் இருக்கைக்கு அடியிலோ தரைக்கு அடியிலோ நுரை இருக்கிறதா, அது உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தாதீர்கள். தேடி வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது படகுதான்.

அப்புறம் பிளக்! இறக்கும் முன் வடிகால் பிளக்கை மாட்ட மறப்பது எல்லாருக்கும் நடக்கும். நான் அதைக் கழற்றியதும் கார் சாவியோடு கோர்த்துவிடுகிறேன்.

எதிரே படகு வந்தால் யார் விலக வேண்டும்?

நேருக்கு நேர் என்றால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வரும் மோட்டார் படகு உங்கள் வலப்பக்கத்திலிருந்து வந்தால் நீங்கள் வழிவிட வேண்டும். 1972-ன் சர்வதேச விதிகளில் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியவை இவை. விலகுவதாக இருந்தால், எதிரில் இருப்பவருக்குப் புரிகிற மாதிரி சீக்கிரமாகவும் பெரிதாகவும் விலகுங்கள்.

நடுவில் மோட்டார் நின்றுவிட்டால்?

முதலில் நங்கூரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று உங்களைப் பாறைப் பக்கம் தள்ளியிருக்கும். ஆழத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விடுங்கள்; 4 மீட்டர் ஆழத்துக்கு 20 முதல் 28 மீட்டர். எப்போதும் முன்பக்கத்தில், மீனவர்கள் அணியம் என்று சொல்லும் இடத்தில் கட்டுங்கள். பின்பக்கம் கட்டினால் அலை பின்பலகையைத் தாண்டி உள்ளே வரும்.

பிறகு வரிசையாகப் பாருங்கள்: கில் கார்டு இடத்தில் இருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, எரிபொருள் குழாயில் உள்ள ரப்பர் உருண்டையை (பல்பு) அமுக்கினால் இறுகுகிறதா. கொஞ்ச நேரம் நன்றாக ஓடிவிட்டு மெல்லச் சாகும் மோட்டாரில் பெரும்பாலும் அந்தக் காற்றுத் திருகுதான் குற்றவாளி.

தனியாகப் போகலாமா?

போகலாம். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். போன் தண்ணீர் புகாத பையில், உடம்போடு. கடலென்றால் கையடக்க வி.எச்.எஃப். ரேடியோவும் வேண்டும், அவசர அழைப்புக்குச் சேனல் 16.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். நண்பர் ஒருவர் படகில் இருக்க, கரையோரமாக, மோட்டாரை அணைத்துவிட்டு லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீரில் இறங்கி, யாருடைய உதவியும் இல்லாமல் மேலே ஏறிப் பாருங்கள். நான் செய்து பார்த்தபோது விளிம்பைப் பிடித்து மார்பளவு எழும்ப முடிந்தது. அதற்கு மேல் ஜாக்கெட் விளிம்பில் இடித்துத் தடுத்தது, கால்கள் படகுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போயின. நாலு முறை முயன்றேன், கையில் வலு போய்விட்டது. மறுநாள் பின்பலகையில் ஏணி மாட்டினேன். மடக்கி வைத்த ஏணியைத் தண்ணீருக்குள்ளிருந்தே இழுத்து இறக்க முடிகிறதா என்பதையும் இறங்கிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தனியாகப் போனேன்.